ஆளில்லா கடல் வாகனம்: கேள்வி எழுதுவது முதல் கரை சேர்ப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கடல் ஆய்வுக்கோ கடல் காவலுக்கோ ஆளில்லா வாகனம் வாங்க நினைக்கும் குழுக்கள் பெரும்பாலும் “எந்த வாகனம் நல்லது?” என்றுதான் ஆரம்பிக்கின்றன. அப்படிக் கேட்டால் பதிலே கிடையாது. உங்கள் மேசைக்கு எந்த அளவீடு வந்து சேர வேண்டும், அது வந்ததும் யார் எழுந்து என்ன செய்வார்? இந்த இரண்டும் தெரிந்த பிறகுதான் வாகனத்தைப் பற்றிப் பேசவே முடியும். அதனால் இங்கே வாகனம் இரண்டாம் படியில்தான் வரும்.

படிகளை வரிசையாகவே போங்கள். நான்காம் படியை மட்டும் முதல் நாளே ஆரம்பித்துவிடுங்கள், ஏனென்று அங்கே போனதும் புரியும்.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“கடலைக் கண்காணிக்க வேண்டும்” என்பது கேள்வி ஆகாது. “இந்தக் கண்டத்திட்டு ஓரத்தில், மேற்பரப்பிலிருந்து 1000 மீட்டர் ஆழம் வரை, வெப்பநிலையும் உப்புத்தன்மையும் நான்கு மாதத்துக்கு, நாளுக்கு ஆறு முறையாவது வேண்டும், ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை” என்று எழுதினால் அது கேள்வி. “மீன்பிடிக்கத் தடைசெய்த இந்த 40 கி.மீ. எல்லைக்குள் இரவில் நுழையும் படகு பற்றி 10 நிமிடத்துக்குள் ரோந்துப் படகுக்குத் தெரிய வேண்டும்” என்பதும் கேள்விதான்.

இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே வாகனத்தைக் காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். முதலாவதற்கு மெதுவாகப் போகிற, ஆழமாக இறங்குகிற, பேட்டரியைச் சிக்கனமாகச் செலவழிக்கிற ஒன்று வேண்டும். இரண்டாவதற்கு எப்போதும் மேற்பரப்பில் இருந்து, எப்போதும் தொடர்பில் இருக்கிற ஒன்று வேண்டும்.

தாமதம் எவ்வளவு பொறுக்கலாம் என்பதை மறக்காமல் எழுதுங்கள். அதிகம் விட்டுப்போவது அதுதான். 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் போகும் கப்பல் 6 மணி நேரத்தில் 72 கடல் மைல் தாண்டிவிடும். ஆறு மணி நேரம் கழித்து வரும் எச்சரிக்கையால் காவலுக்குப் பயனில்லை. அதே தாமதத்தோடு வரும் ஆழ்கடல் வெப்பநிலை வானிலையைக் கணிக்கும் ஒரு கணினி மாதிரிக்குத் தங்கம்.

படி 2: வாகனத்தைத் தேர்ந்தெடுங்கள்

இங்கே ஒரு இயற்பியல் விதிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நீரில் வேகத்தை இரட்டிப்பாக்கினால், அதற்கு வேண்டிய திறன் ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. மாதக்கணக்கில் கடலில் தங்கும் வாகனங்கள் மெதுவாகப் போவதற்குக் காரணம் இதுதான். வேகமும் வேண்டும், ஆறு மாதமும் வேண்டும், எரிபொருளும் வேண்டாம் என்று யாராவது ஒரு பொருளை விற்க வந்தால், எந்தக் காற்றில், எந்த அலையில், எந்த வெயிலில் என்று கேளுங்கள்.

கிளைடர். எனக்கு மிகவும் பிடித்த வகை இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். இதில் சுழலும் விசிறி கிடையாது. உடலுக்குள் இருக்கும் ஒரு பம்ப், எண்ணெயை உள்ளே உள்ள பையிலிருந்து வெளியே உள்ள பைக்குத் தள்ளுகிறது. எடை மாறவில்லை, ஆனால் உடலின் கன அளவு கூடுகிறது, வாகனம் மேலே எழுகிறது. எண்ணெயை உள்ளே இழுத்தால் கீழே இறங்குகிறது. ஆழம் குறைந்த கடலுக்கான மாடல்களில் எண்ணெய்க்குப் பதில் கடல்நீரையே உள்ளிழுத்து வெளியேற்றுவார்கள். பக்கவாட்டில் உள்ள சிறிய இறக்கைகள் அந்த ஏற்ற இறக்கத்தை முன்னோக்கிய நகர்வாக மாற்றுகின்றன. மூக்கைத் தாழ்த்தவும் தூக்கவும் பேட்டரித் தொகுதியையே முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். பாதையை வரைந்து பார்த்தால் ரம்பத்தின் பற்கள் போல இருக்கும். ஒவ்வொரு பல்லும் மேலிருந்து கீழ்வரை கடலின் ஒரு வெட்டுமுகம். நகர்வுக்கான மின்சாரம் முக்கியமாகச் செலவாவது திரும்பும் இடங்களில்தான்.

கடலியலாளர் ஹென்றி ஸ்டோமலும் பொறியாளர் டக் வெப்பும் வளர்த்த யோசனை இது. தனியாளாக உலகைச் சுற்றிய மாலுமி ஜோஷுவா ஸ்லோகம் பெயரில் ஸ்லோகம் கிளைடர் வந்தது. 2009-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்யூ27, ‘ஸ்கார்லெட் நைட்’ என்று அன்போடு அழைக்கப்பட்டது, அட்லாண்டிக்கைக் கடந்து 221 நாளில் ஸ்பெயின் கரையோரம் சேர்ந்தது. ஏறக்குறைய 7,400 கி.மீ.; நாளுக்கு 33 கி.மீ.தான். அதற்கு முந்தைய ஆண்டு இதே முயற்சியில் இறங்கிய ஆர்யூ17 வழியிலேயே தொலைந்துபோனது. அந்தத் தோல்வி இல்லாமல் இந்த வெற்றி இல்லை.

அலையில் ஓடும் வாகனம். மேலே சூரியத் தகடு பொருத்திய மிதவை, கீழே சில மீட்டர் ஆழத்தில் இறக்கைகள் கொண்ட சட்டகம், இரண்டையும் இணைக்கும் ஒரு கேபிள். அலையின் அசைவு மேற்பரப்பில் அதிகம், ஆழத்தில் குறைவு. அந்த வித்தியாசத்தில் கீழ் இறக்கைகள் சாய்ந்து முன்னே தள்ளுகின்றன. இந்த வகையில் பெயர் பெற்றது வேவ் கிளைடர். 2011 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பிய நான்கில் ஒன்றான ‘பாப்பா மாவ்’, 9,000 கடல் மைல் கடந்து 2012 நவம்பரில் ஆஸ்திரேலியா சேர்ந்தது. ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நின்று கேட்கவும் பார்க்கவும் இது அருமையான வகை. கீழே இருக்கும் வாகனங்களின் ஒலிச் செய்தியை வாங்கி மேலே அனுப்பும் தபால்காரராகவும் வேலை செய்யும்.

பாய்மர வாகனம். நகர்வுக்குக் காற்று, கருவிகளுக்குச் சூரியன். செயில்ட்ரோன் எஸ்டி 1020 என்ற படகு 2019-இல் அண்டார்க்டிகாவை 196 நாளில், 22,000 கி.மீ.க்கு மேல் ஓடிச் சுற்றி வந்தது. 2021 செப்டம்பர் 30 அன்று அதே வகையைச் சேர்ந்த எஸ்டி 1045, நான்காம் வகைச் சூறாவளியான சாமுக்குள் நுழைந்து, 15 மீட்டர் அலைகளுக்கு நடுவிலிருந்து காணொளியே அனுப்பியது. மனிதர் போகக் கூடாத இடம் அது. சூறாவளி எவ்வளவு வலுக்கும் என்பதைத் தீர்மானிக்கும் வெப்பப் பரிமாற்றம் சரியாக அந்த இடத்தில்தான் நடக்கிறது.

விசிறியால் ஓடும் நீருக்கடி வாகனம். நேர்கோட்டில், கடல்தரைக்கு அருகில், துல்லியமாகப் போக வேண்டுமென்றால் இது. சிறிய வகைகளுக்கு மணிக்கணக்கு, பெரியவற்றுக்கு நாள்கணக்கு. அதற்குள் எடுத்துவிட வேண்டும். 2009-இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் சிதைவுகளை 2011 ஏப்ரலில் சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தவை ரீமஸ் 6000 வகை வாகனங்கள்.

எஞ்சின் படகு. டீசலோ மின்சாரமோ, வேகம் உண்டு, எடை தாங்கும், பெரிய சோனார் (ஒலியை அனுப்பி எதிரொலியால் தரையைப் பார்க்கும் கருவி) ஏற்றலாம். 2022-இல் டோங்காவின் ஹுங்கா எரிமலை வெடித்த பிறகு, அந்தக் கடலடி எரிமலை வாய்க்கு நேர் மேலே ஓடி வரைபடம் எடுத்தது ‘மேக்ஸ்லிமர்’ என்ற 12 மீட்டர் ஆளில்லா படகு. அதை இயக்கியவர்கள் 16,000 கி.மீ. தள்ளி இங்கிலாந்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னொன்று: நீங்கள் ஓட்டவே வேண்டியதில்லை என்றால் மிதவை போதும். பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஆர்கோ திட்டத்தின் ஏறக்குறைய 4,000 மிதவைகள் 10 நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டர் ஆழத்திலிருந்து அளந்தபடி மேலே வருகின்றன. உங்கள் கேள்விக்கு அந்தத் தரவிலேயே பதில் இருக்கலாம். எல்லோருக்கும் இலவசம். வாகனம் வாங்கும் முன் அதைத் திறந்து பாருங்கள்.

படி 3: கருவிகளும் மின்சாரக் கணக்கும்

ஒவ்வொரு கருவியும் வாட் கணக்கில் உங்கள் பயண நாட்களைத் தின்னும். ஒரு எளிய கணக்கு போடுவோம். கருவிகள், கணினி, தொடர்பு எல்லாம் சேர்த்துச் சராசரி 10 வாட் என்று வையுங்கள். நாளுக்கு 240 வாட்-மணி. மேகமூட்டமான வாரத்தில் தகடுகள் நாளுக்கு 200 வாட்-மணிதான் தருகின்றன என்றால், தினம் 40 குறையும். பேட்டரி 1000 வாட்-மணி, அதில் பாதியை ஆபத்துக்கென்று தொடாமல் வைக்கிறீர்கள் என்றால், 12 நாளில் கைவைக்கக் கூடாத பங்கைத் தொட்டுவிடுவீர்கள். இந்தக் கணக்கை ஆண்டின் மிக மோசமான மாதத்துக்குப் போடுங்கள். விளம்பரக் கையேட்டில் இருப்பது நல்ல மாதத்தின் எண்.

குறைவாக இருந்தால் கருவியை நீக்க வேண்டும் என்பதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் விழிக்கச் செய்யலாம். கிளைடரில் ஏறும்போது மட்டும் அளந்து, இறங்கும்போது அணைத்து வைக்கலாம்.

அடிப்படைக் கருவி சிடிடி. மின்கடத்துத்திறன், வெப்பநிலை, ஆழம் மூன்றையும் அளக்கும். முதலிரண்டிலிருந்தும் அழுத்தத்திலிருந்தும் உப்புத்தன்மையைக் கணக்கிடுவோம். நீரோட்டத்துக்கு ஒலி டாப்ளர் கருவி, கேட்பதற்கு ஹைட்ரோஃபோன், தரைக்குப் பல்கற்றைச் சோனார் அல்லது பக்கவாட்டுச் சோனார். கருவிகள் ஒன்றையொன்று கெடுக்கும் என்பதையும் பாருங்கள். ஹைட்ரோஃபோனுக்குப் பக்கத்தில் பம்ப் ஓடினால் திமிங்கிலத்தின் குரலுக்குப் பதில் பம்பின் குரல்தான் பதிவாகும். இரண்டு சோனார்கள் ஒரே நேரத்தில் ஒலித்தால் ஒன்றின் எதிரொலியை மற்றொன்று தரை என்று நம்பிவிடும்.

கடல்தரை வரைபடம் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பல்கற்றைச் சோனாரின் அகலம் ஆழத்தைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு. 2000 மீட்டர் ஆழத்தில் ஒரே ஓட்டத்தில் 6 கி.மீ.க்கு மேல் கிடைக்கும். 20 மீட்டர் ஆழத்தில் 60 முதல் 100 மீட்டர்தான். கரையோரம் சுலபம் என்று நினைத்துக் குறைவான நாள் ஒதுக்காதீர்கள். நாட்களைத் தின்பது கரையோரம்தான்.

படி 4: அனுமதி

இதை முதல் நாளே ஆரம்பிக்கச் சொன்னதற்குக் காரணம், 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அந்த நாட்டின் இறையாண்மை. 200 கடல் மைல் வரையிலான தனிப் பொருளாதார மண்டலத்தில், வேற்று நாட்டவர் கடல்சார் அறிவியல் ஆய்வு செய்ய அந்த நாட்டின் சம்மதம் வேண்டும். விவரங்களை ஆறு மாதத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். நீங்கள் உங்கள் நாட்டுக் கடலிலேயே இருந்தாலும் நீரோட்டத்துக்கு எல்லை தெரியாது. கிளைடர் பக்கத்து நாட்டு மண்டலத்துக்குள் அடித்துச் செல்லப்படலாம் என்று தோன்றினால் அதற்கும் இப்போதே எழுதுங்கள்.

யார் கண்ணில் எப்படிப் படும் என்பதையும் யோசியுங்கள். 2016 டிசம்பர் 15 அன்று, பிலிப்பைன்ஸின் சூபிக் வளைகுடாவுக்கு வெளியே அமெரிக்கக் கடற்படையின் கிளைடர் ஒன்றைச் சீனக் கடற்படை எடுத்துச் சென்று, சில நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தது. 2022 செப்டம்பர் தொடக்கத்தில் செங்கடலில் ஈரானியப் போர்க்கப்பல் இரண்டு செயில்ட்ரோன்களைத் தூக்கியது. திரும்பி வந்தபோது கேமராக்கள் இல்லை என்று அமெரிக்கத் தரப்பு சொன்னது. வெப்பநிலை மட்டும் அளக்கும் வாகனமும் தூரத்திலிருந்து பார்த்தால் உளவு வாகனம் போலத்தான் தெரியும். வாகனத்தின் மேல் யாருடையது, என்ன வேலை, யாரைத் தொடர்பு கொள்வது என்று அந்தப் பகுதி மீனவர் படிக்கும் மொழியில் பெரிதாக எழுதுங்கள். மீனவச் சங்கங்களிடம் முன்கூட்டியே போய்ப் பேசுங்கள். இதைவிட மலிவான காப்பீடு எனக்குத் தெரியாது.

கடலில் மோதலைத் தவிர்க்கும் 1972 விதிகளில், ஐந்தாவது விதி கண்ணாலும் காதாலும் எப்போதும் கவனித்திருக்கச் சொல்கிறது. ஆளே இல்லாத படகு அதை எப்படி நிறைவேற்றும் என்று அதிகாரிகள் கேட்பார்கள். கேமரா, ரேடார், ஏஐஎஸ் (கப்பல்கள் தங்கள் அடையாளத்தையும் இடத்தையும் அறிவிக்கும் கருவி), கரையில் இருக்கும் இயக்குநர், இவை எப்படிச் சேர்ந்து வேலை செய்யும் என்று இரண்டு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கப்பல்களுக்கான அறிவிப்பும் வெளியாக வேண்டும். லித்தியம் பேட்டரி ஆபத்தான சரக்குப் பட்டியலில் வருவதால் விமானத்தில் அனுப்ப முடியாமல் பயணமே தள்ளிப்போகலாம். அதையும் இதே கோப்பில் சேருங்கள்.

படி 5: தொடர்பு, அது அறுந்தால் என்ன

ரேடியோ அலை கடல்நீரில் தூரம் போகாது. ஜிபிஎஸ் கீழே கிடைக்காது. நீருக்குள் தூரம் போவது ஒலி மட்டும்தான், அதுவும் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர். 3000 மீட்டர் கீழே இருக்கும் வாகனத்துக்கு “திரும்பு” என்று சொன்னால், சொல் போய்ச் சேரவே இரண்டு நொடி. ஆகவே நீருக்கடி வாகனம் தன்னிடமிருக்கும் அசைவுமானியையும் தரையிலிருந்து எதிரொலிக்கும் டாப்ளர் ஒலியையும் வைத்து இடத்தைக் கணித்துக்கொண்டு போகும்; மேலே வந்ததும் ஜிபிஎஸ்ஸைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும்.

மேற்பரப்பில் இரிடியம் செயற்கைக்கோள்தான் பலருக்கும் துணை. அதன் குறுஞ்செய்திச் சேவையில் சிறிய மோடம் ஒரு முறைக்கு அனுப்புவது 340 பைட். ஒரு படம்கூடப் போகாது. எது உடனே வர வேண்டும், எது நினைவகத்தில் தங்கிக் கரை வரலாம் என்று பிரித்துவிடுங்கள்: இடம், பேட்டரி அளவு, உள்ளே நீர் கசிந்ததா, சுருக்கிய அளவீடு, அவ்வளவுதான். அகலமான இணைப்பு உள்ள பெரிய படகுக்கும் இந்தக் குறுகிய வழியை மாற்றாக வைத்திருங்கள்.

அப்புறம் இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும். 6 மணி நேரம் தொடர்பு இல்லையென்றால் வாகனம் என்ன செய்யும்? நிற்குமா, திரும்புமா, முன்பே குறித்த இடத்துக்குப் போகுமா? யாரோ அதைத் தூக்கிவிட்டார்கள் என்று எப்படித் தெரியும்? உள்ளிருக்கும் தரவு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா? காவல் பணிக்கான வாகனத்தில், பறிபோனால் குறியாக்கச் சாவிகள் அழியும்படி இருக்க வேண்டும்.

படி 6: மேசையும் தொட்டியும்

பெரும்பாலான விபத்துகள் கடலில் வெளிப்படுகின்றன, ஆனால் மேசையில்தான் நடக்கின்றன. கூட்டை மூடும் ரப்பர் வளையத்தின் மேல் ஒரே ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தால் போதும். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் என்று அழுத்தம் ஏறும்போது, அந்த முடி வழியே கடல் உள்ளே வரும். வளையத்தை விரலால் சுற்றிலும் தடவிப் பாருங்கள், நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், மெல்லிசாகக் கிரீஸ் பூசுங்கள், இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். மூடிய பிறகு உள்ளே கொஞ்சம் காற்றை உறிஞ்சி எடுத்து, அந்த அளவைக் குறித்து, ஓர் இரவு அப்படியே வையுங்கள். காலையில் எண் மாறியிருந்தால் எங்கோ கசிகிறது. பயணம் ஒரு நாள் தள்ளிப்போகட்டும்.

கிளைடருக்கு எடைச் சமன் உயிர். 60 கிலோ கிளைடர் ஒன்று, லிட்டருக்கு 1025 கிராம் அடர்த்தியுள்ள கடல்நீரில் சரியாக மிதக்கிறது என்றால், அதன் கன அளவு ஏறக்குறைய 58.5 லிட்டர். அதே கிளைடர் ஆற்றுநீர் கலந்து 1022 ஆகிவிட்ட நீருக்குள் நுழைந்தால், கிட்டத்தட்ட 175 கிராம் கனமாக உணரும். சிறிய கிளைடரின் பம்ப் மொத்தமாக மாற்றக்கூடியதே சில நூறு கிராம்தான். ஆக, மூன்று அலகு அடர்த்தி மாற்றத்திலேயே பம்பின் பெரும்பங்கு செலவாகிவிடும். ஆற்று முகத்துவாரத்தில் இன்னும் நீர்த்த நீர் கிடைத்தால் மேலே வரவே முடியாது. போகும் கடலின் அடர்த்தியை அந்தப் பருவத்துக்குத் தெரிந்துகொண்டு, தொட்டியில் கிராம் கணக்கில் ஈயத் துண்டு வைத்துச் சமன் செய்ய வேண்டும். பொறுமை கேட்கும் வேலை, அவசரப்படாதீர்கள்.

கருவிகளை இந்தக் கட்டத்தில் அளவுத்திருத்தம் செய்து சான்றைப் பத்திரப்படுத்துங்கள். கடைசிப் படியில் அது வேண்டியிருக்கும். ஆபத்தில் எடையைக் கழற்றிவிட்டு மேலெழும் ஏற்பாடு வேலை செய்கிறதா என்று தொட்டியிலேயே கழற்றிப் பாருங்கள். பிறகு கரைக்குப் பக்கத்தில் குட்டிப் பயணங்கள்: முதலில் கயிறு கட்டி 3 மீட்டர், பிறகு கயிறில்லாமல் 30 மீட்டர், அதன் பிறகு ஓர் இரவு முழுக்க.

படி 7: இறக்குவது

காலை நேரம், சிறிய படகு, அமைதியான கடல். தேதிக்காக வானிலையோடு சண்டை போடாதீர்கள். முதல் ஆழ மூழ்கலை அது முடித்து மேலே வந்து செய்தி அனுப்பும் வரை படகு அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

படி 8: இரவுக் காவல்

ஆளில்லா வாகனத்துக்கு ஆள் வேண்டும். வாகனத்தில் இல்லை, அவ்வளவுதான். விடியற்காலை 3 மணிக்குக் கிளைடர் மேலே வர வேண்டிய நேரம் தாண்டி 40 நிமிடமாகியும் செய்தி இல்லை என்றால், விழித்திருந்து முடிவெடுக்க ஒருவர் வேண்டும். மூன்று பேருக்குக் குறைவாக இதைத் தொடர்ந்து செய்வது சரியல்ல. களைத்த கண் தவறான கட்டளை அனுப்பும். எந்த எச்சரிக்கை போனில் மணி அடிக்க வேண்டும், எது காலை அறிக்கையில் வந்தால் போதும் என்று பிரித்து வையுங்கள். எல்லாமே மணி அடித்தால் ஒரு வாரத்தில் யாரும் எழமாட்டார்கள்.

நீரோட்டம் கிளைடரைவிட வேகமாக இருக்கும் நாட்கள் வரும். எதிர்த்து நிற்க முயன்று பேட்டரியைக் கரைக்காமல், ஓட்டத்தின் குறுக்காகப் போய் விளிம்பைத் தேடுங்கள். சில வாரத்தில் உடம்பெல்லாம் பாசி பிடிக்கும், பிறகு கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டும். அறிகுறி கண்ணுக்குத் தெரியாது, எண்களில் தெரியும்: அதே கட்டளைக்கு வேகம் குறையும், சுக்கான் ஒரே பக்கம் சாய்ந்தே நிற்கும், உப்புத்தன்மை மெல்ல மெல்ல ஒரு திசையில் நகரும்.

சின்ன உலோகத் துண்டுகூடப் பயணத்தை முடித்துவிடும். மேஃபிளவர் என்ற ஆளில்லா கப்பல் 2021 ஜூனில் அட்லாண்டிக்கைக் கடக்கக் கிளம்பி, புகைக்குழாய் இணைப்பு ஒன்று பழுதாகித் திரும்பியது. அடுத்த ஆண்டு மீண்டும் கிளம்பி, அதுவும் வழியில் அசோர்ஸ் தீவில் பழுது பார்த்துக்கொண்டுதான், 2022 ஜூன் 5 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் சேர்ந்தது. அதன் செயற்கை நுண்ணறிவைப் பற்றி எத்தனையோ எழுதினார்கள். பயணத்தை நிறுத்தியது ஒரு குழாய் இணைப்பு. கப்பலில் ஒரு மெக்கானிக் இருந்திருந்தால் கம்பி சுற்றியாவது ஓட்டியிருப்பார். அவர் இல்லாத குறையை உதிரிப் பாதைகளால் நிரப்புங்கள்: இரண்டு ஜிபிஎஸ், இரண்டு தொடர்பு, இரண்டு மின்மூலம்.

படி 9: காவல் பணிக்கென்று தனியாக

காவல் குழுக்களிடம் நான் முதலில் காட்ட விரும்புவது ஒரு வட்டம். 5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கேமராவுக்கு அடிவானம் சுமார் 8 கி.மீ. தூரத்தில். தாழ்வான சிறு படகு அதற்கு அப்பால் போனதும் மறையத் தொடங்கிவிடும். 8 கி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 200 சதுர கி.மீ. நூற்றுக்கு நூறு கி.மீ. சதுரக் கடலை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டுமென்றால், 50 வாகனமாவது வேண்டும். யாரிடமும் அவ்வளவு இருக்காது. ஆகவே கடலை நிரப்ப நினைக்காதீர்கள். படகுகள் கட்டாயம் கடந்தே தீர வேண்டிய வாய்க்கால், மீன்பிடிக்கத் தடைசெய்த கடலடி மேட்டின் ஓரம், கேபிள்கள் கரையேறும் இடம், இப்படி நான்கைந்து இடங்களைப் பிடியுங்கள். மீதியைச் செயற்கைக்கோள் பார்க்கட்டும்.

பன்னாட்டுப் பயணத்தில் உள்ள 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஏஐஎஸ் கருவியில் தங்களை அறிவித்துக்கொண்டே போக வேண்டும் என்பது விதி. அணைத்துவிட்டால் அந்தத் திரையில் காணாமல் போகும். ஆனால் ரேடாரில் தெரியும், கேமராவில் தெரியும், எஞ்சின் சத்தம் ஹைட்ரோஃபோனில் கேட்கும். ரேடாரில் ஒன்று இருந்து ஏஐஎஸ்ஸில் அது இல்லை என்றால், அந்த முரண்தான் உங்கள் எச்சரிக்கை. ஆனால் அது குற்றத்துக்கான தீர்ப்பு அல்ல. சிறிய மரப்படகுக்கு ஏஐஎஸ் கட்டாயமே இல்லாமல் இருக்கலாம். கருவி பழுதான நல்ல கப்பலும் உண்டு. வாகனம் “இங்கே பாருங்கள்” என்று சொல்லட்டும். பார்த்து முடிவு செய்வது மனிதர் வேலை. பிழைப்புக்குப் போகும் ஒரு மீனவரைத் தவறாகச் சந்தேகிப்பதன் விலையை அந்த மென்பொருள் கொடுக்கப் போவதில்லை.

கடலடிக் கேபிள்களைக் காப்பது இப்போது பெரிய பணியாகிவிட்டது. கண்டங்களுக்கு இடையிலான இணையப் போக்குவரத்தின் மிகப் பெரும்பகுதி அவற்றின் வழியேதான். பால்டிக் கடலில் 2023 முதல் நங்கூரம் இழுபட்டுக் குழாய்களும் கேபிள்களும் சேதமான நிகழ்வுகளுக்குப் பிறகு, 2025-இல் டென்மார்க் அங்கே பாய்மர ஆளில்லா படகுகளை இறக்கிப் பார்த்தது. இங்கே தேட வேண்டிய அறிகுறி எளிமையானது: கேபிள் பாதைக்கு மேல் கப்பல் வழக்கத்துக்கு மாறாக வேகம் குறைத்துப் போவது. கண்ணிவெடி தேடுவது பழைய பணி. 2003-இல் ஈராக்கின் உம் கசர் துறைமுகத்தில் சிறிய ரீமஸ் வாகனங்கள் அதைச் செய்தன. மனித மூழ்காளரை அந்தக் கலங்கிய நீருக்குள் அனுப்பும் தேவையைக் குறைத்தது என்பதற்காகவே இந்தத் தொழில்நுட்பத்தை மதிக்கிறேன்.

பதிவு நீதிமன்றம் போக வேண்டியிருக்கலாம் என்றால், எல்லாக் கருவிகளின் கடிகாரமும் ஜிபிஎஸ் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும். மூலக் கோப்பை யாரும் தொடவில்லை என்று காட்டும் ஹேஷ் குறியீட்டை (கோப்பிலிருந்து கணக்கிடும், அதன் கைரேகை போன்ற எண்) பதிவு எடுத்த கணமே குறித்து வைக்க வேண்டும்.

படி 10: தரவைச் சுத்தம் செய்து வெளியிடுவது

வந்த எண்ணை அப்படியே நம்பாதீர்கள், அப்படியே தூக்கியும் போடாதீர்கள். ஒவ்வொரு அளவீட்டுக்கும் தரக்குறி போடும் வழக்கம் இருக்கிறது: 1 என்றால் நல்லது, 2 இன்னும் சோதிக்கவில்லை, 3 சந்தேகம், 4 தவறு, 9 இல்லை. வரம்புக்குள் இருக்கிறதா, திடீரென்று முள் போலத் துருத்துகிறதா, ஒரே எண்ணில் உறைந்துவிட்டதா, அருகில் உள்ள ஆர்கோ மிதவையோடு ஒத்துப்போகிறதா என்று நிரல் பார்க்கும். 3 என்று விழுந்ததை மனிதர் பார்க்க வேண்டும். கடலில் நிஜமாகவே விநோதமான ஒன்று நடந்திருந்தால் அதுவும் முதலில் “சந்தேகம்” என்றுதான் விழும்.

மூல எண்களை ஒருபோதும் அழிக்காதீர்கள். திருத்தியதைப் பக்கத்தில் தனி நெடுவரிசையில் வையுங்கள். எண்களோடு விளக்கத்தையும் சேர்த்து வைக்கும் நெட்சிடிஎஃப் வகைக் கோப்பில், அலகுகளும் கருவியின் வரிசை எண்ணும் அளவுத்திருத்தத் தேதியும் சேர்த்து வெளியிட்டால், பத்து ஆண்டு கழித்து ஒரு மாணவர் திறந்தாலும் புரியும். காவல் தரவில் இடத்தையும் நேரத்தையும் வெளியிட முடியாமல் போகலாம். ஆனால் அதே வாகனம் அளந்த வெப்பநிலையையும் காற்றையும் சேர்த்துப் பூட்டி வைப்பது எனக்குச் சம்மதமில்லை. கடல்தரையில் கால்பங்குக்குச் சற்று அதிகம்தான் நவீன முறையில் அளக்கப்பட்டிருக்கிறது. ஓட்டிய ஒவ்வொரு கோடும் யாருக்கோ தேவை.

படி 11: திரும்ப எடுப்பது

பேட்டரியில் கால்பங்கு இருக்கும்போதே திரும்பச் சொல்லுங்கள். எடுக்கும் நாளில் காற்று எழுந்தால் இன்னும் ஒரு வாரம் காத்திருக்க அது வேண்டும். சிறிய படகில் போய், காற்று உங்கள் படகை வாகனத்தின் மேல் தள்ளாத பக்கத்திலிருந்து அணுகி, கொக்கியால் மூக்கு வளையத்தைப் பிடித்து, தொட்டில் போன்ற வலையில் ஏற்றுங்கள். இறக்கையைப் பிடித்துத் தூக்கினால் அது உங்கள் கையில் தனியாக வரும்.

ஏற்றியதும் முதலில் புகைப்படம். எங்கே எவ்வளவு கொட்டலசு இருக்கிறது என்பது கழுவும் முன் மட்டுமே தெரியும். இரண்டாவதாக, கழுவாமலேயே வாளிக் கடல்நீரில் கருவியை வைத்து ஓர் அளவீடு, பக்கத்தில் ஒப்பீட்டுக்கு இன்னொரு நல்ல சிடிடி. அதன் பிறகு நன்னீரில் நிதானமாகக் கழுவி, தரவை இரண்டு இடத்தில் நகலெடுத்து, கருவிகளை மறுபடி அளவுத்திருத்தத்துக்கு அனுப்புங்கள். கிளம்பும் முன் வாங்கிய சான்றையும் இப்போது வந்த சான்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உப்புத்தன்மை 0.02 நகர்ந்திருந்தால், அந்த நகர்வை முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை எப்படிப் பகிர்ந்து கழிப்பது என்று முடிவெடுத்து, எடுத்த முடிவைக் கோப்பிலேயே எழுதி, தரவை மறுபடி வெளியிடுங்கள்.